வாக்குச்சீட்டின் பின்பக்கத்தில் இருந்த கேள்வி

2017 நவம்பர் 7 அன்று நியூயார்க் மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நியூயார்க் நகரத்தில் மேயர் பதவிக்கான போட்டி, மற்ற ஊர்களில் நீதிபதி, கவுன்சிலர், மாவட்ட நிர்வாகி என்று வழக்கமான பதவிகள். ஆனால் வாக்குச்சீட்டைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குப் பின்பக்கத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. அதில் முதலாவது இருபது ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் கேள்வி: அரசியல் சாசனத்தைச் சீராய்ந்து திருத்த ஒரு மாநாடு கூட்டப்பட வேண்டுமா? ஒரே வரி. வேண்டும் அல்லது வேண்டாம். கருத்துச் சொன்னவர்களில் ஏறக்குறைய 83 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

இதைப் படிக்கிற பலருக்கும் முதலில் தோன்றுவது, மக்களுக்கு மாற்றத்தின் மேல் ஆசையே இல்லை, அல்லது கேள்வி புரியவில்லை என்பதுதான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மக்கள் அந்த ஒரு வரியை நன்றாகவே படித்திருக்கிறார்கள், அதில் இல்லாததையும் சேர்த்துப் படித்திருக்கிறார்கள். எப்படி என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னணி தேவைப்படுகிறது.

இந்தியாவில் ஒரே அரசியல் சாசனம்தான், மாநிலங்களுக்குத் தனியாகக் கிடையாது (ஜம்மு காஷ்மீருக்கு மட்டும் 2019 வரை இருந்தது). அமெரிக்காவில் 50 மாநிலங்களுக்கும் 50 சாசனங்கள். கூட்டாட்சியின் சாசனம் திருத்தங்களோடு சேர்த்து 7,500 சொற்களைச் சுற்றி நிற்கும், நியூயார்க்கின் சாசனமோ 50 ஆயிரம் சொற்களைத் தாண்டும். பள்ளிக்கூடம், மாநிலக் கடன், காடு, கால்வாய், அரசு ஊழியர் பென்ஷன், ஏழைகளுக்கான உதவி, நீதிமன்றங்களின் அமைப்பு என்று அன்றாட வாழ்க்கையைத் தொடுகிற எல்லாம் அதற்குள் இருக்கிறது. அதனால் அதை யார் திருத்தலாம், எப்படித் திருத்தலாம் என்பது வக்கீல்களுக்கு மட்டுமான விவகாரம் இல்லை.

நியூயார்க்கில் திருத்துவதற்கு இரண்டு வழிகள். ஒன்று சட்டமன்ற வழி. ஒரு திருத்தத்தை இரண்டு அவைகளும் நிறைவேற்ற வேண்டும், நடுவில் ஒரு தேர்தல் வந்து புதிய சட்டமன்றம் அமைந்த பிறகு அதே திருத்தத்தை மறுபடி நிறைவேற்ற வேண்டும், அப்புறம் மக்கள் வாக்களிக்க வேண்டும். மெதுவான வழிதான், ஆனாலும் வேலை செய்கிறது. சிக்கல் என்னவென்றால், சட்டமன்றத்தைப் பற்றியே ஏதாவது திருத்த வேண்டியிருந்தால், உதாரணமாக உறுப்பினர்களின் பதவிக்கால வரம்பு, தொகுதி எல்லைகள், ஊழல் தடுப்பு, அதற்கும் அதே சட்டமன்றத்தின் கையெழுத்துதான் வேண்டும். தான் உட்கார்ந்திருக்கும் கிளையைத் தானே வெட்டச் சொன்னால் யார் வெட்டுவார்கள்? கலிபோர்னியா, ஓஹையோ போன்ற மாநிலங்களில் மக்களே கையெழுத்துத் திரட்டித் திருத்தத்தை நேரடியாக வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம். நியூயார்க்கில் அந்த உரிமை இல்லை.

ஆகவே சட்டமன்றத்தின் கையில் சாவி இல்லாத ஒரே கதவு இந்த மாநாடுதான். நம் ஊர் அரசியல் நிர்ணய சபை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்: மக்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் ஓரிடத்தில் கூடி, சாசனம் முழுவதையும் திறந்து பார்த்து, மாற்றங்களை எழுதி மக்களிடமே திருப்பிக் கொடுப்பார்கள். 'கான்ஸ்டிட்யூஷனல் கன்வென்ஷன்' என்பதை அமெரிக்கர்கள் சுருக்கமாக 'கான்-கான்' என்பார்கள்.

சரி, ஏன் இருபது ஆண்டு? இந்த எண்ணத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1789 செப்டம்பரில் தாமஸ் ஜெஃபர்சன் பாரிஸிலிருந்து ஜேம்ஸ் மேடிசனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பூமி உயிரோடு இருப்பவர்களுக்கு உரியது, இறந்தவர்கள் அதை ஆளக் கூடாது என்பது அவர் வாதம். அன்றைய இறப்புக் கணக்குகளை எடுத்துப் பார்த்து, ஒரு தலைமுறையின் ஆயுள் ஏறக்குறைய 19 ஆண்டு என்று கணக்கிட்டு, எந்தச் சாசனமும் அதற்கு மேல் தானாகத் தொடரக் கூடாது என்றார். 1816இல் எழுதிய இன்னொரு கடிதத்தில் 19 அல்லது 20 ஆண்டுக்கு ஒருமுறை திருத்தும் வாய்ப்பைச் சாசனத்திலேயே எழுதி வைக்க வேண்டும் என்று கொஞ்சம் தணித்துச் சொன்னார். நியூயார்க் 1846இல் இருபது ஆண்டுக் கேள்வியைத் தன் சாசனத்தில் சேர்த்தது. இன்று 14 மாநிலங்களில் இப்படித் தானாக வரும் கேள்வி இருக்கிறது. அலாஸ்கா, ஹவாய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், ரோட் ஐலண்ட் ஆகிய ஐந்திலும் 10 ஆண்டுக்கு ஒருமுறை, மிச்சிகனில் 16 ஆண்டுக்கு ஒருமுறை, மீதி எட்டிலும் 20 ஆண்டுக்கு ஒருமுறை.

கேள்வி கேட்பது மட்டும் போதாது என்பதை நியூயார்க் சீக்கிரமே கற்றுக்கொண்டது. 1886இல் ஏறக்குறைய 5.75 லட்சம் பேர் மாநாடு வேண்டும் என்றார்கள், வேண்டாம் என்றவர்கள் 31 ஆயிரம் பேர்தான். இவ்வளவு தெளிவான தீர்ப்பு எங்கே கிடைக்கும்? ஆனாலும் எட்டு ஆண்டுக்கு மாநாடு கூடவில்லை. ஆளுநர் டேவிட் ஹில் ஒரு கட்சி, சட்டமன்றம் இன்னொரு கட்சி, பிரதிநிதிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் இரண்டு தரப்பும் இழுத்துக்கொண்டே இருந்தன. கடைசியில் 1894இல் கூடியபோது, அந்த மாநாடு செய்த காரியங்களில் ஒன்று இனிமேல் இப்படி நடக்க முடியாதபடி விதியை எழுதி வைத்தது. மக்கள் 'வேண்டும்' என்றால் அடுத்த பொதுத்தேர்தலில் ஒவ்வொரு செனட் (மேலவை) தொகுதியிலிருந்தும் மூன்று பேர், மாநிலம் முழுவதற்குமாக 15 பேர் தேர்ந்தெடுக்கப்படுவார்கள், அதற்கடுத்த ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை அவர்கள் தலைநகர் ஆல்பனியில் தாமாகவே கூடுவார்கள். ஆளுநரும் சட்டமன்றமும் குறுக்கே நிற்க முடியாது. இன்றைய 63 செனட் தொகுதிகளுக்குக் கணக்குப் போட்டால் 204 பிரதிநிதிகள்.

அதே 1894 மாநாடுதான் ஆடிரோன்டாக், கேட்ஸ்கில் மலைகளில் அரசுக்குச் சொந்தமான காடுகள் என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும், அங்கே மரம் வெட்டக் கூடாது என்று எழுதியது. 1938இல், பெரும் பொருளாதார வீழ்ச்சியின் சூடு ஆறாத காலத்தில், அடுத்து நடந்த முக்கியமான மாநாடு இன்னும் பல படிகள் மேலே போனது. தேவை உள்ளவர்களுக்கு உதவி செய்வதை அரசின் கடமை என்று எழுதியது, தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து பேரம் பேசும் உரிமையை எழுதியது, அரசு ஊழியர் பென்ஷனைக் குறைக்க முடியாத ஒப்பந்தம் என்று எழுதியது. இவை காகிதத்தில் தூங்கிய வரிகள் இல்லை. 1979இல் நியூயார்க் நகரத்தின் வீடற்ற ஆண்களுக்காக ஒரு வழக்குப் போடப்பட்டபோது, வக்கீல் பிடித்துக்கொண்டது தேவை உள்ளவர்களுக்கு உதவுவது பற்றிய அந்த 1938 வரியைத்தான். அந்த வழக்கின் முடிவில் 1981இல் வந்த சமரச ஆணைதான் அந்த நகரத்தில் இரவில் படுக்க இடம் கேட்பவருக்கு இடம் கொடுத்தாக வேண்டும் என்ற கடமைக்கு அடித்தளம்.

இப்போது 2017க்குத் திரும்பலாம். மாநாடு வேண்டாம் என்று யார் யார் சேர்ந்து நின்றார்கள் தெரியுமா? ஆசிரியர் சங்கங்கள், அரசு ஊழியர் சங்கங்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள், கருக்கலைப்பு உரிமைக்காகப் போராடுபவர்கள். அதே அணியில் துப்பாக்கி உரிமைக்காரர்களும் கன்சர்வேட்டிவ் கட்சியும். எலியும் பூனையும் ஒரே பக்கம். ஒவ்வொருவருக்கும் சாசனத்துக்குள் ஏதோ ஒன்று பத்திரமாக இருந்தது, அல்லது எதிராளி புதிதாக ஒன்றை உள்ளே நுழைத்துவிடுவான் என்ற பயம் இருந்தது. பென்ஷன் வாங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு 1938இல் எழுதிய பென்ஷன் பிரிவு உயிர்நாடி. அந்தப் பெட்டியைத் திறக்கலாமா என்று கேட்டால் அவர் ஏன் சரி என்பார்? மாநாடுகள் கொடுத்த வரங்களைக் காப்பாற்றத்தான் மாநாடே வேண்டாம் என்று மக்கள் நின்றார்கள், அதில் எந்த முட்டாள்தனமும் எனக்குத் தெரியவில்லை.

வேண்டும் என்றவர்களிடமும் வலுவான காரணம் இருந்தது. 2015இல் நியூயார்க் கீழவையின் சபாநாயகர் ஷெல்டன் சில்வர், செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் டீன் ஸ்கெலோஸ், இரண்டு பேருமே ஊழல் வழக்குகளில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தாகி, 2018இல் மறுபடி இருவரும் குற்றவாளிகள் ஆனார்கள். சட்டமன்றத்தின் இரண்டு உச்சிகளும் இப்படி இருக்கும்போது, சட்டமன்றத்தைத் திருத்தும் வேலையைச் சட்டமன்றத்திடமே விடலாமா என்று நியூயார்க் நகர வக்கீல்கள் சங்கமும் பெண் வாக்காளர் கழகமும் கேட்டன. நியாயமான கேள்வி. ஆண்டின் தொடக்கத்தில் எடுத்த கருத்துக்கணிப்புகளில் மாநாட்டுக்கு ஆதரவே அதிகம் இருந்தது. ஆனால் நவம்பர் நெருங்க நெருங்க ஒரு விஷயம் வீட்டு வாசல்வரை வந்தது: அந்த 204 பேர் யார்?

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. நியூயார்க்கின் விதிப்படி, பதவியில் இருக்கும் சட்டமன்ற உறுப்பினரே மாநாட்டுப் பிரதிநிதியாகவும் நிற்கலாம், நீதிபதியும் நிற்கலாம். பிரதிநிதிக்குக் கீழவை உறுப்பினருக்கு நிகரான சம்பளம், அன்றைக்கு 79,500 டாலர், இரண்டு பதவியிலும் இருந்தால் இரண்டு சம்பளம். செனட் தொகுதிக்கு மூன்று பேர் என்பதால், சட்டமன்றம் தனக்கு வசதியாக வரைந்துகொண்ட அதே எல்லைகளுக்குள்தான் இந்தத் தேர்தலும் நடக்கும். கட்சி அமைப்பும் பணமும் யாரிடம் இருக்கிறதோ அவர்கள்தான் ஜெயிப்பார்கள். அப்படியானால் சட்டமன்றத்தைத் தாண்டிப் போவதற்காக வைத்த கதவு, சுற்றிப் போய்ச் சட்டமன்றத்தின் வரவேற்பறைக்கே கொண்டுவிடும். 1967இல் அதுதான் நடந்தது. சட்டமன்றம் தானாக வைத்த கேள்விக்கு 1965இல் மக்கள் சரி என்றார்கள், மாநாடு கூடியது, அதற்குத் தலைமை தாங்கியவர் கீழவையின் சபாநாயகர் ஆந்தனி டிராவியா. அவர்கள் எழுதிய புதிய சாசனத்தில் நல்லதும் இருந்தது. ஆனால் மதம் சார்ந்த பள்ளிகளுக்கு அரசுப் பணம் போகக் கூடாது என்ற பழைய தடையை நீக்குவதும் அதில் இருந்தது, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, எடுத்தால் முழுதாக எடு, இல்லாவிட்டால் விடு என்று வைத்தார்கள். மக்கள் மொத்தமாக விட்டுவிட்டார்கள். ஐம்பது ஆண்டு கழித்தும் அந்தக் கசப்பு பேச்சில் வந்துகொண்டே இருந்தது.

ஆதரவாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு பதில் உண்டு. மாநாடு எதை எழுதினாலும் அது தானாகச் சட்டமாகாது, மக்கள் மறுபடி வாக்களித்து ஏற்றால்தான் ஆகும். உண்மைதான். 1915இலும் மாநாடு எழுதியதை மக்கள் நிராகரித்திருக்கிறார்கள். பென்ஷன் போய்விடும் என்று மட்டும் சொல்லி இதைச் சொல்லாமல் விட்ட பிரசாரம் மக்களுக்கு நியாயம் செய்யவில்லை. ஆனால் எதையெல்லாம் ஒன்றாகக் கட்டுவது, எதைத் தனியாக வைப்பது என்ற அதிகாரம் மாநாட்டின் கையில் இருக்கிற வரை, கடைசியில் உங்கள் கையில்தான் வாக்கு என்ற ஆறுதல் பாதி ஆறுதல்தான்.

இன்னொன்றையும் பாருங்கள், எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. அன்றைக்கு வாக்குச்சீட்டின் அதே பக்கத்தில் இருந்த இரண்டாவது கேள்வி, ஊழல் குற்றத்தில் தண்டனை பெற்ற அரசுப் பதவிக்காரர்களின் பென்ஷனை நீதிமன்றம் பறிக்கவோ குறைக்கவோ அனுமதிக்கும் திருத்தம். மூன்றாவது, அந்த 1894 காட்டு விதியிலேயே சின்ன மாற்றம்: சாலை, பாலம் போன்ற உள்ளூர்த் தேவைகளுக்கு 250 ஏக்கர் வரை காட்டு நிலத்தைப் பயன்படுத்த வழி செய்யும் ஒரு நிலக் கணக்கு. இரண்டையும் மக்கள் ஏற்றார்கள். பென்ஷனைத் தொட்டதையும் ஏற்றார்கள், காட்டைத் தொட்டதையும் ஏற்றார்கள். என்ன மாறும் என்று எழுதிக் காட்டிய இடத்தில் சரி சொன்னவர்கள், யார் எதை மாற்றுவார்கள் என்று தெரியாத இடத்தில் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

வேறு மாதிரி நடக்க முடியுமா? நடந்திருக்கிறது. மொன்டானா 1972இல் செய்தது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். அந்த மாநிலத்தின் அரசியலைப் பல பத்தாண்டுகள் அனகோண்டா என்ற தாமிரச் சுரங்கக் கம்பெனி தன் பிடியில் வைத்திருந்தது, 1889இன் சாசனத்திலும் சுரங்க முதலாளிகளுக்குச் சாதகமான வரி விதி இருந்தது. 1970இல் மக்கள் மாநாடு வேண்டும் என்றார்கள். அடுத்து மாநில உச்ச நீதிமன்றம், பதவியில் இருக்கும் சட்டமன்ற உறுப்பினர்கள் மாநாட்டுக்கு நிற்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த ஒரு தீர்ப்பு எல்லாவற்றையும் மாற்றியது. தேர்வான 100 பேரில் பெரும்பாலும் அரசியலுக்குப் புதியவர்கள், விவசாயிகள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், பாதிரிமார்கள், 19 பெண்கள். கட்சிவாரியாக உட்காராமல் பெயரின் அகரவரிசைப்படி உட்கார்ந்தார்கள், அதனால் பக்கத்து நாற்காலியில் எந்தக் கட்சிக்காரர் என்பது தற்செயலாக அமைந்தது. சுமார் பத்து வாரத்தில் வேலையை முடித்தார்கள். சண்டை கிளப்பக்கூடிய மூன்று விஷயங்களை, ஒரு அவையா இரண்டு அவையா, சூதாட்டம், மரண தண்டனை, இவற்றைச் சாசனத்தோடு சேர்த்துக் கட்டாமல் தனித் தனிக் கேள்விகளாக வைத்தார்கள். 100 பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அப்படியும் மக்கள் தீர்ப்பு மயிரிழையில்தான் வந்தது. 1972 ஜூன் 6 அன்று ஆதரவு 1,16,415, எதிர்ப்பு 1,13,883. வெறும் 2,532 வாக்கு வித்தியாசம். அந்தச் சாசனம் தூய்மையான, ஆரோக்கியமான சுற்றுச்சூழலுக்கு உள்ள உரிமையை எழுதியது. ஐம்பது ஆண்டு கழித்து, 16 இளைஞர்களும் சிறுவர்களும் அந்த வரியைக் கையில் எடுத்துக்கொண்டு, பருவநிலை மாற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் நிலக்கரி, எண்ணெய்த் திட்டங்களை அனுமதிக்கிறது என்று மாநில அரசின் மீதே வழக்கு நடத்தி 2023இல் வென்றார்கள், 2024 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

மற்ற மாநிலங்களின் கதைகளில் கேள்வியை எப்படிக் கேட்பது, எப்படி எண்ணுவது என்பதே பெரிய விஷயமாகிப் போயிருக்கிறது. அலாஸ்காவில் 1970இல் வாக்குச்சீட்டில் "சாசனம் கோருகிறபடி" என்ற பொருளில் தொடங்கிக் கேள்வியை அச்சிட்டார்கள். சாசனம் கோருவது கேள்வி கேட்பதைத்தான், மாநாடு கூட்டுவதை இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு மாநாடே கட்டாயம் என்பது போல இருந்தது. சில நூறு வாக்கு வித்தியாசத்தில் 'வேண்டும்' ஜெயித்தது, வாசகம் தவறாக வழிநடத்துகிறது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லி, 1972இல் திருத்திய வாசகத்தோடு மறுபடி கேட்டபோது பெரும்பான்மையினர் வேண்டாம் என்றார்கள். ஹவாயில் 1996இல் வேண்டும் என்றவர்கள் 1,63,869, வேண்டாம் என்றவர்கள் 1,60,153. ஆனால் கேள்வியைத் தொடாமல் வெற்றாக விட்ட 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை என்ன செய்வது என்று வழக்கு வந்து, பெரும்பான்மையைக் கணக்கிடும்போது அவற்றையும் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பானதால் மாநாடு இல்லாமல் போனது. மேரிலாந்திலும் 2010இல் இதே மாதிரி, பதில் சொன்னவர்களில் பாதிக்கு மேல் ஆதரவு, ஆனால் தேர்தலில் வாக்களித்த எல்லாரிலும் பாதிக்கு மேல் ஆதரவு இருக்க வேண்டும் என்பது விதி. ஓக்லஹோமாவில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை கேட்டாக வேண்டும் என்று சாசனமே சொல்கிறது, 1970க்குப் பிறகு சட்டமன்றம் கேட்கவே இல்லை. அயோவாவில் 1920இல் மக்கள் வேண்டும் என்றும் சட்டமன்றம் கூட்டவில்லை. இந்த இரண்டும் எனக்குக் கோபத்தையே வரவைக்கின்றன. மக்களிடம் கேட்டு அவர்கள் வேண்டாம் என்பது வேறு, கேட்காமலே இருப்பதும் கேட்டுவிட்டுக் காதில் வாங்காமல் விடுவதும் வேறு.

தானாக வரும் கேள்விக்கு மக்கள் கடைசியாகச் சரி சொன்னது ரோட் ஐலண்டில், 1984இல். 1986இல் கூடிய அந்த மாநாடு 14 கேள்விகளை மக்கள் முன் வைத்தது, எட்டு நிறைவேறின. அதற்குப் பிறகு எந்த மாநிலத்திலும் இந்தக் கேள்வியால் ஒரு மாநாடு கூடவில்லை. அலாஸ்காவில் 2022இல் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அங்கே எண்ணெய் வருமான நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்குத் தொகையைச் சாசனத்தில் எழுத வேண்டும் என்று ஒரு தரப்பு ஆசைப்பட்டது, ஆனால் கருக்கலைப்பைக் காக்கும் தனியுரிமைப் பிரிவுக்கு ஆபத்து வரும் என்ற பயம் அதை மீறியது. கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூனில்தான் கருக்கலைப்பு உரிமையை நீக்கியிருந்தது.

2026 நவம்பர் 3 மிச்சிகனின் முறை. அங்கே 1961-62இல் நடந்த மாநாடு எழுதிய சாசனம் 1963 ஏப்ரலில் ஏழாயிரத்துச் சொச்சம் வாக்கில் தப்பிப் பிழைத்தது. மக்கள் சரி சொன்னால் 148 பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். ஆனால் மிச்சிகன் மக்களுக்குக் கையெழுத்து இயக்கம் என்ற வேறொரு வழி இருக்கிறது, 2018இல் தொகுதி வரையறையைச் சட்டமன்றத்திடமிருந்து பிடுங்கித் தனி ஆணையத்திடம் கொடுத்ததே அப்படித்தான். அதனால் அங்கே மாநாட்டின் தேவை நியூயார்க் அளவுக்குக் கடுமையாக உணரப்படுவதில்லை.

நியூயார்க்கில் அடுத்த கேள்வி 2037இல். அதற்குள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பதவியில் இருப்பவர்கள் பிரதிநிதியாக நிற்கக் கூடாது, இரண்டு சம்பளம் கூடாது, திருத்தங்களைத் தனித் தனியாகத்தான் மக்கள் முன் வைக்க வேண்டும் என்று மாநாட்டு விதியையே முன்கூட்டித் திருத்தலாம். அது சாசனத்துக்குள் இருக்கும் விதி என்பதால் அதற்கும் இரண்டு சட்டமன்றங்களின் ஒப்புதல் வேண்டும். பின்னாலிருந்து எண்ணினால், 2036 நவம்பரில் மக்கள் வாக்களிக்க வேண்டுமென்றால் 2034க்குள் முதல் சட்டமன்றமும், அந்த ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு அமையும் அடுத்த சட்டமன்றமும் அதை நிறைவேற்றியிருக்க வேண்டும்.